இரண்டு இடத்தில் விழுந்த புள்ளி

அந்த ஆபீஸில் அவளை ஒற்றைப்புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயர் வைத்தவன் வேலையை விட்டுப் போய்விட்டான், பெயர் மட்டும் போகவில்லை. மெத்தைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், போன்களுக்கு ஆப் செய்து கொடுக்கிற சின்ன ஆபீஸ் அது. கீழே கடைக்காரர் மெத்தையைத் தட்டித் தட்டிக் காட்டுகிற சத்தம் மேலே மேசைக் கால் வரைக்கும் வரும். அங்கே ஆளுக்கொரு வேலை. ஒருத்தி படம் வரைவாள், ஒருத்தன் நிறம் பூசுவான், இன்னொருத்தன் மூன்று போனைத் திறந்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவான். அவனுக்கு என்ன வேலை என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒற்றைப்புள்ளிக்கு வந்து சேருவது மட்டும் எப்போதும் ஒரே வேலை. நீளமான பட்டியல், அதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த ஊருக்குப் போகிறீர்கள், எந்த ரத்த வகை, என்ன அளவுச் செருப்பு. வரிசையாக வரிகள், ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு வெற்று வட்டம். ஒன்றைத் தொட்டால் வட்டத்துக்குள் கறுப்பாகப் புள்ளி விழும். வேறொன்றைத் தொட்டால் பழைய புள்ளி மறைந்து புது இடத்தில் விழும். ரேடியோ பட்டன் என்பது தொழில்காரர்கள் வைத்த பெயர். ஒரு பட்டியலுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான் சட்டம்.

பட்டியலை மேலும் கீழும் தள்ளித் தள்ளி அவளுடைய வலது கட்டைவிரலில் ரேகையே தேய்ந்துபோயிற்று. ஆபீஸ் வாசலில் விரல் வைத்தால் திறக்கிற கருவி அவளை மட்டும் யார் நீ என்று கேட்டு நிறுத்திவிடும். அதனால் தினமும் கீழே மெத்தைக் கடைக்குள் நுழைந்து, அடுக்கி வைத்த மெத்தைகள் மேல் ஏறி, பின்மாடிப்படி வழியாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சரி, மெத்தை மேல் ஏறினாள் என்பது கதை வழுக்கிக்கொண்டு போக நான் விட்ட ஒரு சொட்டு எண்ணெய். கருவி அவளை உள்ளே விடாதது சத்தியமாக நடந்தது.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே ஒரு வேடிக்கை. நாற்பது வயது வரை ஒரு காப்பீட்டு ஆபீஸில் தட்டச்சு வேலை. அந்த ஆபீஸை இழுத்து மூடியபோது, மகள் கல்லூரியில் கணினி படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சும்மா இருந்தவள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். பாதிப் படிப்பில் மகளுக்கு உட்கார்ந்த இடத்தில் வேலை பிடிக்காது என்று தெரிந்துவிட்டது. கப்பலில் மின்சார வேலை கற்றுக்கொள்ள ஓடிவிட்டாள். மிச்சப் பாதியைத் தாய் படித்து முடித்தாள்.

புருஷன் டவுன் பஸ் டிரைவர். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார், கையில் இருக்கிற போன் மட்டும் தீப்பெட்டி மாதிரி. மூலை உடைந்த பழைய போன். மாற்றச் சொன்னால், "பிரேக் பிடிக்குதில்ல, அப்புறம் என்ன?" என்பார். எதைத் தொட்டாலும் ஹாரன் அடிக்கிற மாதிரிதான் அமுக்குவார்.

மகள் வேலை செய்வது சரக்குக் கப்பலில். எந்தெந்தக் கடலிலோ சுற்றிவிட்டு, வருஷத்தில் ஒரே ஒரு வாரம் பழுது பார்க்க அந்த ஊர்த் துறைமுகத்துக்கு வரும். அந்த வாரம்தான் அவள் வீட்டுக்கு வருகிற வாரம். போன வருஷம் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. விடியுமுன் டூட்டிக்குக் கிளம்புவார், மகள் தூங்குவாள். திரும்பி வருவார், மகள் களைத்துப் படுத்திருப்பாள். கப்பல் புறப்பட்ட பிறகு அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "வந்தாளா, இல்ல வந்த மாதிரி கனவு கண்டேனா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஒற்றைப்புள்ளி அந்தப் பக்கம் திரும்பிப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

இந்த வருஷம் கப்பல் வருவது ஆகஸ்ட் கடைசி வாரம். எப்பாடு பட்டாவது அந்த வாரத்தை வாங்கிவிட வேண்டும் என்று அவர் வருஷம் பிறக்குமுன்பே முடிவு கட்டிவிட்டார்.

டிப்போவில் ஒவ்வொரு டிரைவருக்கும் வருஷத்துக்கு ஒரு முழு வார லீவு. ஒரு வாரத்துக்கு இத்தனை பேர்தான் போகலாம் என்று கணக்கு உண்டு, இல்லாவிட்டால் பஸ்ஸைப் பயணிகள்தான் ஓட்ட வேண்டும். முன்னெல்லாம் துண்டுச் சீட்டு எழுதிப் போட்டு, அடிதடியில் முடியும். இந்த முறை டிப்போ மேனேஜர் நாகரிகமாக ஒரு ஆப் செய்யச் சொன்னார். அந்த வேலை வந்து விழுந்தது மெத்தைக் கடை மாடியில். வருஷத்தின் எல்லா வாரமும் ஒரு பட்டியல், ஒருவர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் அதை யார் மேசையில் வைப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. கேன்டீனில் போய், "நம்ம வீட்டம்மா செஞ்ச ஆப்பு. தொட்டா பூ மாதிரி இருக்கும்" என்று தம்பட்டம் அடித்தார். திறந்த அன்றைக்கே பெஞ்சில் உட்கார்ந்து, பட்டியலைத் தள்ளிக்கொண்டே போய் ஆகஸ்டுக்கு வந்தார். கடைசி வாரத்தில் புள்ளி இருந்தது. உறுதி என்ற பட்டனை அமுக்கினார். நன்றி என்று வந்தது. அவரும் போனுக்கு நன்றி சொன்னார்.

சில நாள் கழித்து டிப்போ பலகையில் பட்டியலை ஒட்டினார்கள். அவர் பெயருக்கு நேரே பிப்ரவரி முதல் வாரம் என்று இருந்தது.

அன்றைக்கு வீட்டில் நடந்ததை அக்கம்பக்கம் எல்லாம் கேட்டது.

"நான் ஆகஸ்ட்லதாம்மா அமுக்கினேன். கண்ணால பாத்தேன். புள்ளி அங்கதான் இருந்தது."

"பிப்ரவரியைத் தொட்டிருப்பீங்க. உங்க விரலுக்கு ரெண்டு மாசம் ஒண்ணாத்தான் தெரியும்."

"தள்ளும்போது பிப்ரவரியில பட்டிருக்கலாம். ஆனா ஆகஸ்ட்ல புள்ளி இருந்ததே!"

"ஒரு புள்ளி எப்படிங்க ரெண்டு இடத்துல இருக்கும்? எட்டு வருஷமா இதைத்தானே செய்றேன். அது தொட்ட இடத்துலதான் விழும். கண் டாக்டர்கிட்ட போங்கன்னா கேக்க மாட்டேங்கறீங்க."

"பஸ் ஓட்டற ஆளுக்குக் கண் தெரியலன்னா ஊர்ல பாதிப் பேர் இருக்க மாட்டாங்கம்மா."

"அப்போ புத்திதான் எங்கயோ இருந்திருக்கு."

மறுநாள் அவர் மேனேஜரிடம் போய்க் கேட்டுப் பார்த்தார். உறுதி செய்ததை மாற்ற முடியாது, ஒருவருக்கு மாற்றினால் எல்லோரும் கியூவில் நிற்பார்கள் என்று சொல்லிவிட்டார் மேனேஜர். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் தட்டை ணங்கென்று வைத்தாள். மகளைப் பார்க்க முடியாமல் போவது அவளுக்கும்தானே வலி? அந்த வலியை எல்லாம் திரட்டி அவர் கட்டைவிரல் மேல் கொட்டினாள். இரண்டு நாள், மூன்று நாள், சாப்பிடும்போதெல்லாம், "நிதானமா தொட்டிருக்கலாம்ல" என்பாள். அவரும் தலை குனிந்து சாப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போயிருந்தபோது, அவர் சொன்னது தப்பு என்று ஒரேயடியாக நிரூபித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வேகம் வந்தது. சோதனைக்காக வைத்திருந்த ஆப்பை அவருடைய தீப்பெட்டிப் போனில் ஏற்றினாள். முழு வருஷத்தையும் போட்டாள். பிப்ரவரி முதல் வாரத்தைத் தொட்டாள். புள்ளி விழுந்தது. அவர் மாதிரியே கீழே தள்ளினாள். மார்ச், ஏப்ரல், மே.

மேயில் ஒரு புள்ளி இருந்தது.

இன்னும் தள்ளினாள். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு புள்ளி, நெற்றியில் வைத்த மாதிரி பளிச்சென்று. அதற்கும் கீழே நவம்பரில் இன்னொன்று. மேலே போய்ப் பார்த்தாள், பிப்ரவரியிலும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

ஏன் என்பதும் அந்த நொடியே அவளுக்கு விளங்கிவிட்டது. அதை அவள் டிப்போவில் எல்லோருக்கும் விளக்கிய விதம் ஒரு கூத்து, அந்த இடம் வரும்போது சொல்கிறேன். ஆபீஸில் ஏன் இது கண்ணில் படவில்லை என்பதுதான் அவளைக் குத்தியது. சோதித்துப் பார்க்க டிப்போவிலிருந்து மாதிரிக்கு ஆறு வாரம்தான் அனுப்பியிருந்தார்கள். ஆறு வரி போன் திரையிலேயே அடங்கிவிடும், தள்ளவே வேண்டாம். தள்ளாத பட்டியலில் இந்தப் பேய் வராது. ஆறு வரியில் அழகாக ஒற்றைப்புள்ளி விழுவதைப் பார்த்துத் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டவள் அவளேதான்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். அவள் போனைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க."

"ம்."

"புள்ளி நாலு இருக்கு."

அவர் துண்டோடு நின்றார். போனை வாங்கிப் பார்த்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். பிறகு ரொம்பச் சாவதானமாகக் கேட்டார்.

"கண் டாக்டர்கிட்ட நாம ரெண்டு பேரும் சேந்தே போயிடலாமா?"

அவள் அழுதாள். அவர் அந்தத் துண்டையே நீட்டினார். ஈரத் துண்டு, முகம் இன்னும் நனைந்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலை ஆபீஸ் திறந்ததும் முதலாளி அறைக்குப் போனாள். முதலாளி அவளைவிடப் பத்து வயது சின்னவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவள் காட்டினாள். அவன் நெற்றியைத் தேய்த்தான். கீழே மெத்தையைத் தட்டுகிற சத்தம் அவன் தலையிலேயே தட்டுகிற மாதிரி இருந்திருக்கும்.

"அக்கா, பிழையைச் சரி பண்ணிப் புதுசை அனுப்பிடுங்க. அண்ணனோட வாரத்தை மட்டும் உள்ள போய் மாத்தி வெச்சிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"ஆகஸ்ட் கடைசி நெறஞ்சிருக்கு தம்பி. இவரை உள்ள விடணும்னா ஒருத்தரை வெளிய தள்ளணும்."

"ஒருத்தர்தானே."

"அந்த ஒருத்தர் வீட்லயும் சாப்பாட்டு மேசை இருக்கும்ல. அதுவும் இல்லாம, இவர் மாதிரி இன்னும் எத்தனை பேர் ஏமாந்தாங்களோ. சொல்லணும் தம்பி."

"டிப்போ வேலை போயிட்டா, உங்களை வெச்சுக்க முடியுமான்னு எனக்கே தெரியாது. அதை யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். அதான் காலையிலேயே வந்தேன். சாயங்காலம் வரைக்கும் விட்டா பயந்துடுவேன்."

அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். கூரையில் பதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. "சரி, நானும் வரேன். ஆனா பேசறது நீங்கதான்" என்றான். பயந்த முகம், ஆனாலும் வந்தானே, அதைச் சொல்ல வேண்டும்.

டிப்போ கேன்டீனில் மத்தியான ஷிப்ட் மாறுகிற நேரம். பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் குறுக்கே கைகட்டி நின்றார். அவள் கணினி மொழியில் இரண்டு வாக்கியம் பேசிப் பார்த்தாள். ஒருத்தர் கொட்டாவி விட்டார். அவள் பேச்சை நிறுத்தி, சாப்பாடு கொடுக்கிற அகல ஜன்னலைப் பார்த்தாள். அதன் உள்பக்கம் சமையலறை.

"அண்ணன்மாருங்க ஒரு ஆறு பேர் உள்ள வாங்க" என்றாள்.

ஆறு டிரைவர்கள் சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போனார்கள். சமையல்காரர் கரண்டியோடு ஒதுங்கினார். அவள் காகிதத் தட்டுகளை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு வாரத்தை எழுதினாள். முதல் தட்டு ஜனவரி, அடுத்தது பிப்ரவரி, இப்படி. ஆளுக்கொரு தட்டை மார்பில் பிடிக்கச் சொல்லி ஜன்னலுக்குப் பின்னால் வரிசையாக நிற்க வைத்தாள்.

"இந்த ஜன்னல்தான் போன். வெளிய இருக்கிற உங்களுக்கு ஆறு பேர்தான் தெரியுது. வருஷத்துல அம்பத்திரண்டு வாரம், அதுக்கு அம்பத்திரண்டு ஆள் வெச்சா போனுக்கு மூச்சு முட்டும். அதனால போன் கொஞ்சம் கருமி. பத்துப் பதினாலு ஆளை வெச்சே ஒப்பேத்தும், இங்க நமக்கு ஆறு பேர் போதும். நீங்க தள்ளும்போது இந்த ஓரத்துல வெளிய போறவர், பின்னாடியே சுத்தி வந்து அந்த ஓரத்துல வேற தட்டோட உள்ள வருவார். நீங்க புது ஆள்னு நினைப்பீங்க. அதே ஆள்தான்."

"நம்ம சம்பளக் கணக்கு மாதிரியே இருக்கே" என்றது ஒரு குரல். மேனேஜர் முறைத்தார்.

பிப்ரவரித் தட்டு வைத்திருந்தவர் தலையில் அவள் ஒரு காக்கித் தொப்பியை வைத்தாள். "தொப்பிதான் புள்ளி. இவரைத் தொட்டாச்சு. இப்ப நகருங்க."

ஆறு பேரும் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தார்கள். ஓரத்தில் மறைந்தவர் குனிந்து, அடுப்பைச் சுற்றி, சமையல்காரர் மேல் இடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் வந்து புதுத் தட்டு வாங்கிக்கொண்டு ஜன்னலில் எழுந்தார். ஜனவரி போனது, ஜூலை வந்தது. மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரத்தில் ஆகஸ்ட் கடைசி வாரம் என்று எழுதிய தட்டோடு ஒருத்தர் நிமிர்ந்தார். தலையில் காக்கித் தொப்பி.

கேன்டீன் முழுக்க ஓவென்று கத்தியது. தட்டு பிடித்தவருக்கு ஏன் கத்துகிறார்கள் என்று புரியவில்லை, தலையைத் தடவினார், இன்னும் கத்தினார்கள்.

"இதுதான் நடந்தது" என்றாள் ஒற்றைப்புள்ளி. இப்போது அவள் சிரிக்கவில்லை. "சுத்தி வர்றவருக்குத் தட்டை மாத்தினேன். தொப்பியைக் கழட்டச் சொல்ல மறந்துட்டேன். யாரைத் தொட்டீங்களோ அது உள்ள சரியாத்தான் பதிவாச்சு. உங்க கண்ணுக்குத் தெரிஞ்சதுதான் பொய். தப்பு என்னோடது. இப்ப சரி பண்ணிட்டேன். ஜன்னலுக்கு வர்ற ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, தொட்ட வாரம் எதுன்னு பாத்து, தொப்பி போடு இல்லன்னா கழட்டுன்னு சொல்லித்தான் உள்ள விடுவேன்."

மேனேஜர் கையை அவிழ்த்தார். "யார் யார் ஏமாந்தாங்கன்னு எடுத்துக் குடுக்க முடியுமாம்மா?"

"முடியாது சார். தொட்டதுதான் பதிவாகும். பாத்தது எங்கயும் பதிவாகாது."

அப்புறம் என்ன, கேன்டீன் சந்தைக்கடை ஆயிற்று. "நான் மகன் பரீட்சை வாரம் கேட்டேன், குடுத்தது மழை வாரம். பொண்டாட்டி இன்னும் என்கூட பேசல" என்றார் ஒருவர். "எனக்கும்தான், எனக்கும்தான்" என்று நாலைந்து குரல். உச்சக் குரல் காரணமாக ஹாரன் என்று பெயர் வாங்கியவர் எழுந்து, "எனக்கு நல்ல வாரம் சரியா கிடைச்சிருக்கு. ஆகஸ்ட் கடைசி. மறுபடியும்னா நான் எங்க போவேன்?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒற்றைப்புள்ளி அவரைப் பார்க்க முடியாமல் தட்டுகளை அடுக்கினாள்.

கடைசியில் மேனேஜர் முடிவு சொன்னார். எல்லோருக்கும் மறு தேர்வு. புதன்கிழமை ஷிப்ட் மாறும்போது, எல்லோரும் கேன்டீனில் இருக்கும்போது, ஒரே நேரத்தில் திறக்கும். முந்துகிறவருக்கு வாரம்.

புதன்கிழமை அவள் லேப்டாப்போடு கல்லா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், ஏதாவது கோளாறு என்றால் பார்க்க. எந்த வாரத்தில் எத்தனை இடம் மிச்சம் என்பது அவள் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் அவளைச் சீண்டினார்கள்.

"அண்ணி, அண்ணனுக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடியே தொறந்து விட்டுட்டீங்களா?"

"அவருக்கா? அவரு போனு தொறக்கவே பாதி நாள் ஆகும்ப்பா" என்றாள். சொல்லிவிட்டு இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டாள். வெளியே விட்டால் தானாகவே கீபோர்டுக்குப் போய்விடும் என்று பயம்.

மேனேஜர் தலையசைத்தார். திறந்தது. இத்தனை முரட்டு ஆட்கள் இருந்த இடத்தில் மூச்சுச் சத்தம் கூட இல்லை, கண்ணாடி மேல் விரல் வழுக்குகிற சத்தம் மட்டும். அவள் திரையில் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இடங்கள் குறைய ஆரம்பித்தன. அவள் நிமிர்ந்து பார்த்தாள். புருஷன் மூன்றாவது பெஞ்சில், போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு கண்ணாடி. அதில் அவருடைய திரை தலைகீழாகவும் இல்லை நேராகவும் இல்லை, இடம் வலம் மாறித் தெரிந்தது. ஆனாலும் புள்ளி விழுந்தது தெரிந்தது. பட்டியல் அவ்வளவு தூரம் நகர்ந்து விழுந்தால் அது ஆகஸ்ட்தான். அவளுக்கு மனப்பாடம்.

அமுக்குங்க, என்றாள் மனசுக்குள்.

அவர் அமுக்கவில்லை. பட்டியலை மேலே தள்ளினார். பிப்ரவரி வரைக்கும் போனார். அங்கே நின்று பார்த்தார். பிறகு ஜனவரி. பிறகு கீழே, மெதுவாக, மார்ச், ஏப்ரல், மே. மேயில் கொஞ்ச நேரம் நின்றார். அவள் திரையில் ஆகஸ்ட் கடைசிக்கு இரண்டு இடம் மிச்சம். அவர் செப்டம்பரைத் தாண்டி நவம்பருக்குப் போனார். ஒரு இடம். அவள் உதட்டைக் கடித்தாள். டிசம்பர் வரை போய்விட்டு, ஊர்வலம் முடித்த மாதிரி ஆகஸ்டுக்குத் திரும்பி வந்து, ஹாரன் அடிக்கிற மாதிரி உறுதியை அமுக்கினார்.

அவள் திரையில் அந்த எண் அதற்கு ஒரு மூச்சுக்கு முன்னால்தான் பூஜ்ஜியம் ஆகியிருந்தது.

அவர் போனைப் பார்த்தார். பக்கத்துப் பெஞ்சில் ஹாரன் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார். புருஷன் எழுந்து கல்லா மேசைக்கு வந்தார்.

"நெறஞ்சிடுச்சாம்மா."

"தொட்டுட்டீங்களே. ஏங்க உடனே அமுக்கல?"

"வேற எங்கயாவது புள்ளி கிடக்குதான்னு பாத்தேன்."

அவள் அக்குளில் இருந்த கை அப்படியே இருந்தது.

"எங்கயும் கிடக்கலம்மா" என்றார் அவர். "மேலருந்து கீழ வரைக்கும் பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. நல்லாத்தான் செஞ்சிருக்க."

சொல்லிவிட்டு மறுபடி பெஞ்சுக்குப் போய், செப்டம்பரில் ஏதோ ஒரு வாரத்தை அமுக்கிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினார். அவள் லேப்டாப்பை மூடவில்லை. கேன்டீன் காலியான பிறகும், சமையல்காரர் வந்து, "அண்ணி, டீ ஆறிப் போச்சு, வேற தரவா?" என்று கேட்கிற வரைக்கும் அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போகவில்லை. மேனேஜர் முதலாளியிடம், "இனிமே எது மாத்தணும்னாலும் இந்தம்மாவே வரட்டும், வேற யாரும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். அது அன்றைக்கு அவளுக்கு இனிக்கவில்லை.

மகளிடம் யார் சொல்வது என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தள்ளினார்கள். கடைசியில் அவர்தான் பேசினார். நடுக்கடலிலிருந்து குரல் விட்டு விட்டு வந்தது.

"இந்தத் தடவையும் இல்லம்மா. அப்பாவுக்கு லீவு கிடைக்கல."

"அம்மா மேல கோவமாப்பா?"

"சே, அவ பாவம். நான்தான் ரொம்பப் பாத்துப் பாத்து அமுக்கினேன்."

பிறகு மகள் கேட்டாள். "நீங்க எந்த ரூட் ஓட்டறீங்க இப்ப?"

"துறைமுகத்துலருந்து சந்தை வழியா ரயில் நிலையம். ஏம்மா?"

"முன்னாடி சீட் காலியா இருக்குமா?"

ஆகஸ்ட் கடைசி வாரம் கப்பல் வந்தது. மகள் தினமும் காலையில் எழுந்து, தலை சீவி, அப்பா டூட்டியில் ஏறுகிறபோதே கூடவே ஏறி, டிரைவருக்குப் பக்கவாட்டில் இருக்கிற ஒற்றை சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். துறைமுகத்துக்கும் ரயில் நிலையத்துக்குமாக நாளெல்லாம் போனாள், வந்தாள். உலகத்தையே சுற்றியவள் அந்த ஒரு வாரத்தில் சுற்றினதுதான் அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேச முடியாது, ஓட்டுநரோடு பேசாதீர்கள் என்று அவர் தலைக்கு மேலேயே பெரிசாக எழுதிப் போட்டிருந்தது. ஒரு நாள் நடுவில் அவரை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள், டீ குடிக்க இறங்கியிருந்த அவள் தெரியாமல் பழைய பஸ்ஸில் ஏறி இரண்டு நிறுத்தம் போய்விட்டு இறங்கி ஓடினாள். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் ஒற்றைப்புள்ளி மெத்தைக் கடை நிறுத்தத்தில் ஏறிக்கொள்வாள். தாயும் மகளும் வாய் ஓயாமல் பேசுவார்கள், அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்.

பார்த்துக்கொண்டே எத்தனை நாள் இருப்பார்? மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கிற மைக் அவர் கையில் வந்தது. பஸ் முழுக்கக் கேட்டது.

"அடுத்த நிறுத்தம் சந்தை. முன்னாடி சீட்ல இருக்கிற பொண்ணு மத்தியானம் சாப்பிட்டுச்சா?"

பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் முகத்தைக் கையில் மூடிக்கொண்டாள். பின்சீட்டில் காய்கறிப் பையோடு இருந்த ஒரு அம்மாதான் எழுந்து நின்று டிரைவருக்குக் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

"சாப்பிட்டுச்சுங்க, ஆனா பாதிதான். பாதியை ஜன்னல் ஓரம் வெச்சிருக்கு!"